அங்கி நனையாமல் காத்த அதிகாரிகளுக்கு

கடலையும் களப்பையும் கட்டியாளும் மதிப்புக்குரிய பெரியவர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து தங்கள் பணிவான பிரஜை எழுதிக்கொள்வது. முதலில் நன்றி. சென்ற வாரம் தங்கள் ஆட்கள் எங்கள் இறங்குதுறைக்கு நேரில் எழுந்தருளி, படகில் ஏறியிருந்த எங்களுக்கு ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி மாட்டிவிட்டார்கள். என்னுடையதில் கொளுக்கி இல்லை. நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டார்கள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இருந்த சிறுமிக்கு அங்கி முழங்கால் வரை வந்தது. "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்று நாலைந்து படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும், "சரி, கழட்டித் தாங்க" என்றார்கள்.

"தம்பி, படகு இன்னும் வெளிக்கிடல்லையே?"

"அதுதான் ஐயா. வெளிக்கிட்டா நனைஞ்சிடும்."

நரைத்த தலையோடு, குளிப்பாட்டச் சட்டை கழற்றும் பிள்ளைபோல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் சற்று நேரம் அப்படியே நிற்கவும் வேண்டியிருந்தது.

பொதுச் சொத்தில் தங்களுக்கு உள்ள கரிசனை கண்டு மெய்சிலிர்த்தேன். நனைந்த அங்கியைக் காயப்போடக் கொடி வேண்டும். கொடி வாங்கக் கேள்விமனு கோர வேண்டும். மனிதர் நனைந்தால் அந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை.

தாங்கள் பெரிய விசயங்களைப் பார்ப்பவர்கள் என்பதும் தெரியும். உலகின் மிகப்பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இங்கேதான் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் பறந்து வந்து குண்டு போட்டது இதற்காக. 1987இல் ராஜீவும் ஜே.ஆரும் கடிதம் மாற்றிக்கொண்டபோது அதிலும் இந்தத் துறைமுகத்தின் பெயர் இருந்தது. சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களில் யாருக்கு எத்தனை என்று 2022 ஜனவரியில் ஒன்று பிசகாமல் எண்ணிப் பிரித்தார்கள். குதத்தை எண்ணத் தெரிந்த ஊரில், படகில் ஏறிய தலைகளை எண்ணத்தான் ஆளில்லை.

ஆளில்லை என்றால் பொய். ஒரு படகுக்கு எத்தனை காவல் தெய்வங்கள்! துறைமுக அதிகாரசபை, வணிகக் கப்பற்றுறைச் செயலகம், மீன்பிடித் திணைக்களம், கரையோரக் காவற்படை. புறாத்தீவுப் பக்கம் போனால் வனஜீவராசிகள் திணைக்களம். களப்பென்றால் நகரசபை, பாலமென்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. எந்தத் தண்ணீர் யாருடைய எல்லை என்பது இந்த மரமண்டைக்கு இன்னும் ஏறாததால்தான், விலாசம் போடாமல் இக்கடிதத்தை எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் சரி, நனையாமல் கோவையில் போட்டுவிடுங்கள்.

2021 நவம்பர் 23 அன்றும் இத்தனை தெய்வங்களும் இருந்தன. எங்கள் மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை உடைத்துப் புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கட்டி முடியும்வரை சனம் எதில் போகும்? மிதப்புப் பாதையில். காலையில், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் செத்தார்கள். சில நாட்களுக்குள் கடற்படை வந்து சனத்தை ஏற்றி இறக்கத் தொடங்கியது. வந்ததே, அதைத்தான் கேட்கிறேன். படகு இருந்திருக்கிறது. ஆள் இருந்திருக்கிறது. கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகமே இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜனாஸா எடுக்க முன்னம் வர என்ன தடை? அந்த மிதப்புப் பாதைக்கு அனுமதி கொடுத்தது யார், அதைப் பரிசோதித்தது யார் என்ற கேள்வி பிள்ளைகளின் புத்தகப்பை தண்ணீரில் போன பிறகா வர வேண்டும்? பாலம் கட்டுகிறவனுக்குப் பாலம் வரும்வரை சனம் என்ன செய்யும் என்று யோசிக்கத் தெரியாதா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்க வேண்டும். புகழ வந்த இடத்தில் குரல் உயர்ந்துவிட்டது. வயதுக் கோளாறு.

சின்ன விண்ணப்பங்கள் சில உண்டு. எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் பக்கப் பலகையில், தூரத்திலிருந்தே வாசிக்கும்படி பெயின்டால் எழுதுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் யாருக்கு அழைப்பது என்று ஒரே ஒரு இலக்கத்தை இறங்குதுறையில் ஒட்டுங்கள். எடுத்துப் பேச ஒருவரையும் இருத்துங்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவில் அங்கி தாருங்கள். இதையெல்லாம் வாடைக் காற்று கிளம்ப முன்னம், ஐப்பசி பிறக்கும்போதே செய்யுங்கள். கார்த்திகையில் வந்து படம் எடுக்கத் தேவையில்லை.

அங்கிகளைப் படகிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் நாங்களே காயவைத்துத் தருகிறோம். திருமலை வெயிலுக்கு இன்னும் கேள்விமனு வரவில்லை.

இப்படிக்கு,
நீந்தத் தெரிந்த ஒரே காரணத்தால் இன்றுவரை வரி கட்டிக்கொண்டிருக்கும்
திருமலைவாசி