விமானப் பண்டிதர்

தம் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒரு முறையேனும் எங்கள் விமானப் பண்டிதரிடம் நீட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாயிராது. நீலகிரியின் கிளென்மார்கனில் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, மூடுபனி இறங்கிவிட்டால் ஆகாயமே கண்ணில் படாத அவ்வூரில் வாசம் செய்துகொண்டு, பழங்கால ஆகாய விமானங்களைப் புகைப்படத்திலேயே இனங்கண்டு சொல்லும் வித்தையில் பாண்டித்தியம் பெற்றுவிட்ட அப்பெரியவர், வந்த விருந்தினர் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் விஞ்ச் பாதையையும் அதற்கப்பால் விரியும் வனத்தையும் கண்டு பரவசப்படும் வேளையில், பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

புகைப்படம் என்றால் நாமெல்லாம் முகத்தைத் தேடுகிறோம். அவருக்கோ முகம் ஓர் இடையூறு. மீனம்பாக்கத்தில் விமானத்தின் முன்னே மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதிகளின் படத்தைக் காட்டினால், "மாப்பிள்ளை ஓரடி தள்ளி நின்றிருக்கக் கூடாதா தம்பி?" என்று மனம் நொந்துபோவார். அகன்ற இரட்டைச் சரக்குக் கதவு தெரிந்தால் அது யுத்தத்துக்கென்று செய்த டகோட்டா. சிறிய ஒற்றைக் கதவானால் பிரயாணிகளுக்கென்றே செய்த டி.சி.3. இந்தச் சரித்திர உண்மையை மாப்பிள்ளையின் தலைப்பாகை மறைத்துவிட்டதாம். 'வி.டி.' என்று தொடங்கும் பதிவெழுத்துக்களின் மேல் காற்றில் பறந்துவிட்ட ஒரு பாட்டியம்மாளின் முந்தானையை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. படத்தில் கைகூப்பி நிற்கும் தலைவர் யாரென்று கேட்டால், "யாரோ, இறக்கையை மறைத்துக்கொண்டு" என்பதே பதில்.

அவருடைய கோபத்தின் சிகரம் அக்டோபரில் வரும். 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானம் புஸ் மாத். அங்கிருந்து அதைச் சென்னைக்குச் சேர்ப்பித்தவர் நெவில் வின்சென்ட். அப்பயணத்தின் பொன்விழாவுக்காக 1982இல், எழுபத்தெட்டு வயதில், டாட்டா மறுபடியும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே ஓட்டிவந்ததோ லெபர்ட் மாத். இரண்டும் டி ஹாவிலாண்டு கம்பெனியின் உடன்பிறப்புகள். பிந்தையதைக் காட்டி முந்தையதென்று எவரேனும் அச்சிட்டுவிட்டால், அன்று காப்பி ஆறிப்போகும். "லெபர்ட் மாத் முதன்முதல் பறந்ததே 1933இல்! பிறக்காத பிள்ளை தபால் கொண்டுவந்ததா?" என்று கர்ஜித்துவிட்டு, நுனி நோக்கிக் குறுகும் இறக்கையைப் பற்றியும், சக்கரத்தைத் தாங்கும் கால் உடலில் எங்கே போய்ச் சேருகிறது என்பது பற்றியும் அவர் செய்யும் வியாக்கியானத்தை, தபால் கொண்டுவந்த தம்பிகூட முழுவதும் கேட்டாக வேண்டும்.

ஆனால் இந்த வித்தை வீண் என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தராது. தேதி எழுதாமல் போன எத்தனையோ குடும்பப் படங்களுக்கு, பின்னால் நிற்கும் விமானத்தைக்கொண்டு, 'இதற்கு முன் இராது' என்று அவர் காலநிர்ணயம் செய்து கொடுத்திருக்கிறார். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வார்; பண்டிதர்களிடத்தில் அது அபூர்வம்.

என் வழக்கு வேறு. ஏதோ ஒரு விமானத்தருகே என் பெரியப்பா நிற்கும் படம், எங்கள் குடும்பத்தில் அவருக்கு இருந்த ஒரே படம். "சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று பண்டிதர் வாங்கிப்போனார். கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு சந்தேகம் பாக்கியிருக்கிறது" என்கிறார். பெரியப்பாவுக்குத் திதி கொடுக்கும் நாளில் சுவரில் வெறும் ஆணிக்கு மாலை போடும்படி ஆகிவிட்டது. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகையால், வாசகர்களே, இத்தகையவர் உங்கள் ஊரிலும் இருப்பார். நகல் எடுத்துக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். பெரியவரே, விமானம் தங்களுடையதாகவே இருக்கட்டும். பெரியப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.