சட்டம் பிசகாமல் ஒரு வக்கீலைத் தொலைப்பது எப்படி

சீனத்தின் ஏதோ ஒரு நகரத்தில், அரசுப் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். மேசையில் கிடக்கும் முதல் கோப்பே மனித உரிமை வழக்கறிஞர் ஒருவருடையது என்று கேள்விப்பட்டோம். கவலை வேண்டாம். திருடனைப் பிடிப்பதைவிட வக்கீலைப் பிடிப்பது சுலபம். திருடன் ஓடுவான், வக்கீல் "உத்தரவு எங்கே?" என்று கேட்டபடி நின்ற இடத்திலேயே நிற்பார்.

இந்த வேலைக்குச் சட்டத்தை மீறியாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதெல்லாம் பழைய பாணி. காவ் ஜிஷெங் என்ற வக்கீல் 2017 ஆகஸ்டில் காணாமல் போனார். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட இன்றுவரை குடும்பத்துக்குத் தெரியாது. ஆள் இல்லை, சரி. கோப்பும் அல்லவா இல்லை! பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது என்பார்கள். இன்றைய கோலுக்குப் பிரிவு எண்ணும் உட்பிரிவும் உண்டு. அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

நாட்டில் வக்கீல்கள் பல லட்சம் பேர். கம்பெனி ஒப்பந்தம், விவாகரத்து, வீட்டுப் பத்திரம் என்று காலம் தள்ளும் அவர்களைத் தொட வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது சில நூறு பேர்தான். புல்டோசர் ஏறிய வீட்டுக்காரர், தடைசெய்யப்பட்ட ஃபாலுன் கோங் பக்தர், தலைநகருக்கு மனுவோடு வந்து அடிவாங்கிய கிழவி: இவர்களுக்கு எவன் வக்காலத்துப் போடுகிறானோ அவன்தான் உங்கள் ஆள். இன்னொரு அடையாளமும் உண்டு. நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவை மேற்கோள் காட்டுவார். அரசு மனித உரிமைகளை மதித்துக் காக்கும் என்று 2004-இல் நாமே சேர்த்த பிரிவு அது. அதை நம்புகிறவரைச் சற்றுக் கவனித்தே ஆக வேண்டும்.

எடுத்த எடுப்பில் கைவைக்காதீர்கள். முதலில் "தேநீர் சாப்பிட வாங்களேன்" என்று கூப்பிடுங்கள். தேநீர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்த அழைப்புக்கு என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். திருந்தவில்லையா? ஆண்டுதோறும் உரிமத்தில் குத்த வேண்டிய சரிபார்ப்பு முத்திரை இருக்கிறது. அதைத் தாமதப்படுத்துங்கள். முத்திரை இல்லாதவர் வழக்காட முடியாது. அவரை வைத்திருக்கும் அலுவலகத்தின் மற்ற வக்கீல்களுக்கும் முத்திரை வேண்டுமே. மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள்.

ஒதுங்காத மீதிப் பேருக்குத்தான் இரவு வேலை. இதில் பாடமாக வைக்கத் தக்கது 2015 ஜூலை 9. பெய்ஜிங்கில் ஃபெங்ருய் சட்ட அலுவலகத்தின் வக்கீல் வாங் யூ, மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா கிளம்பிய மகனையும் உடன் சென்ற கணவரையும் வழியனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருந்தார். அவர்கள் இருவரையும் விமான நிலையத்திலேயே மடக்கியாயிற்று. நடுநிசி தாண்டி வீட்டு மின்சாரம் போனது, இணையம் போனது, பிறகு கதவுப் பூட்டை யாரோ குடையும் சத்தம். அருமையான வரிசை. ஆனால் கைபேசியை மறந்துவிட்டார்கள். கதவு உடைவதற்குள் நண்பர்களுக்குச் செய்தி பறந்துவிட்டது. விடிந்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட வக்கீல்கள் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். இதை நஷ்டமாகப் பார்க்காதீர்கள். அடுத்து யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலை அவர்களே தட்டச்சு செய்து கொடுத்த மாதிரி. அடுத்த சில வாரங்களில் நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள், அழைக்கப்பட்டார்கள், அடைக்கப்பட்டார்கள்.

பிடித்தாயிற்று. எங்கே வைப்பது? சிறை என்றால் பதிவேடு, பார்வையாளர் நேரம், வக்கீல் சந்திப்பு என்று நூறு தொல்லை. இங்கேதான் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கைகொடுக்கிறது. 2012 திருத்தத்தில் பிரிவு 73. 2018-க்குப் பின் 75. பெயர், "குறிப்பிட்ட இடத்தில் வசிப்பிடக் கண்காணிப்பு". கேட்கும்போது, பாவம், வீட்டில்தானே இருக்கிறார் என்று தோன்றும். தோன்றட்டும். ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டம். எந்த இடம் என்று சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தேசப் பாதுகாப்பு வழக்கென்றால் வக்கீலைப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும். அனுமதி தருவதும் தராததும் உங்கள் கையில். இத்தனைக்கும் அதே பிரிவு, தடுப்புக்காவல் நிலையத்திலோ விசாரணைக்கென்றே கட்டிய இடத்திலோ வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்கிறது. ஆகவே விருந்தினர் விடுதி, பயிற்சி மையம் என்று பார்த்துப் பிடியுங்கள். அங்கிருந்து மீண்டவர்கள் சொல்வதைக் கேட்டால் அறை அமைப்பு ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருக்கிறது: சுவருக்கு மெத்தை, எப்போதும் மூடிய திரை, அணையாத விளக்கு, தூங்கினாலும் கழிவறை போனாலும் பக்கத்தில் இரண்டு காவலர்கள்.

சட்டத்தின் கருணையையும் மறக்கக் கூடாது. இப்படிக் கழித்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம்: இரண்டு நாளுக்கு ஒரு நாள் வீதம். 2015 ஆகஸ்டில் பிடிபட்ட வக்கீல் வாங் சுவான்ஜாங்குக்கு நாலரை ஆண்டு தண்டனை. விரல்விட்டு எண்ணினால் 2020 பிப்ரவரி. அவர் வெளியே வந்தது ஏப்ரலில். அந்த இரண்டு சொச்சம் மாதம், மெத்தைச் சுவர் அறையில் அவர் இருந்தும் கணக்கில் இல்லாத காலம். வட்டிக்கடைக்காரருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

உள்ளே என்ன செய்வது என்பதற்குச் செலவு அதிகமில்லை. சாங்ஷாவில் ஷியே யாங் என்ற வக்கீலுக்குத் தேவைப்பட்டவை பிளாஸ்டிக் ஸ்டூல்களும் சிகரெட்டும் மட்டுமே. முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கால் தரையைத் தொடாதபடி உட்காரவைத்தார்கள். நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல். தொங்கும் கால் வீங்கும், மரத்துப்போகும். அசந்தால் எழுப்புவார்கள். சுற்றி உட்கார்ந்து முகத்தில் புகையை ஊதுவார்கள். இதெல்லாம் அவரே தன் வக்கீல்களிடம் ஒவ்வொன்றாகச் சொன்னது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை 1988-லேயே ஏற்ற நாடு நாம். அதில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் பற்றி ஒன்றும் இல்லை.

பேசாதவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். வாங் யூவின் மகனுக்கு அப்போது 16 வயது. கடவுச்சீட்டைப் பறித்து, பாட்டி ஊரில் கண்காணிப்பில் வைத்தும் பையன் அடங்கவில்லை. அக்டோபரில் எல்லை தாண்டி மியான்மர் போய்விட்டான். அங்கே ஒரு விடுதியில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அவன் அம்மா கேமரா முன் உட்கார்ந்து, அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தனக்கு அறிவித்த மனித உரிமை விருது வேண்டாம் என்றார், வெளிநாட்டுச் சக்திகள் தன்னைப் பயன்படுத்திக்கொண்டதாகச் சொன்னார். மகனை வைத்துத்தான் தன்னை மடக்கினார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். அதற்குள் ஒளிபரப்பு முடிந்துவிட்டது.

இனி வருவதுதான் இந்த வேலையின் உண்மையான தலைவலி. நீங்கள் பிடித்த வக்கீலுக்கும் ஒரு வக்கீல் வருவார். குடும்பம் அமர்த்திய ஆளை விலக்கி அரசு கொடுக்கும் வக்கீலை உட்காரவைப்பது முறை. சிலர் அப்படியும் விலக மாட்டார்கள். கட்சிக்காரரோடு வக்கீலைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று ஐ.நா. 1990-இல் ஹவானாவில் ஒரு கோட்பாடு வகுத்தது. அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள். வாங் யூவுக்கு வாதாட வந்த லி யூஹான் 2017-இல் உள்ளே போனார். ஆறு ஆண்டு கழித்து, 70 வயது தாண்டிய அவருக்கு ஆறரை ஆண்டு தண்டனை. வாங் சுவான்ஜாங்குக்கு வக்கீலாக வந்த யூ வென்ஷெங்கை 2018 ஜனவரியில், மகனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது வீட்டு வாசலில் வைத்துத் தூக்கினார்கள், நாலு ஆண்டு. வெளியே வந்தவர், 2023 ஏப்ரலில் மனைவி சு யானோடு பெய்ஜிங்கில் ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவைப் பார்க்கப் போனார். போய்ச் சேரவில்லை. அவருக்கு மூன்று ஆண்டு, மனைவிக்கு ஒன்றேமுக்கால் ஆண்டு.

ஷியே யாங் வழக்கு இதைவிடச் சிக்கல். ஸ்டூல் கதையை எழுதி வெளியிட்ட அவருடைய வக்கீல் சென் ஜியான்காங் கடைசியில் நாட்டை விட்டே போனார். கதை மொத்தமும் புனைவு, புனைந்தவர் ஜியாங் தியான்யோங் என்று அரசு ஊடகங்கள் அறிவித்தன. 2009-லேயே உரிமம் பறிபோனவர் அவர். ஷியே யாங் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரும் வழியில் காணாமல் போனவர். ஷியே யாங் சொன்னது முழுதாக வெளியானது 2017 ஜனவரியில். ஜியாங்கோ 2016 நவம்பரிலிருந்து நம் காவலில். இப்படித் தேதிகளைப் பொருத்திப் பார்க்கும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள்; அவர்களுக்கும் ஒரு கோப்பு திறந்து வையுங்கள். 2017 மே மாதம் ஷியே யாங்கே நீதிமன்றத்தில், தன்னை யாரும் துன்புறுத்தவில்லை என்று சொல்லிவிட்டார். வெற்றி என்று நினைத்தீர்களா? நான் என்றாவது குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது என் மனதிலிருந்து வந்ததல்ல என்று ஜனவரியிலேயே கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். வக்கீல் புத்தி.

விசாரணைக்கு நாள் குறிக்க உகந்த காலம் கிறிஸ்துமஸ். தூதரகங்களில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். வாங் சுவான்ஜாங் விசாரணை 2018 டிசம்பர் 26. அப்படியும் சில தூதரக ஆட்கள் தியான்ஜின் நீதிமன்ற வாசல் வரை வந்தார்கள். அரசு ரகசியம் என்றதும் வாசலோடு சரி.

மனைவிகளை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சட்டம் படித்தவர் விதியைப் பேசுவார், விதியால் மடக்கலாம். இவர்கள் விதியே பேசுவதில்லை. வாங் சுவான்ஜாங்கின் மனைவி லி வென்சுவும் மற்றவர்களும் கணவர்மார் பெயரை உடையில் எழுதிக்கொண்டு, சிவப்பு பிளாஸ்டிக் வாளியும் கையுமாகத் தியான்ஜினில் போய் நின்றார்கள். வாளி வைத்திருப்பது எந்தப் பிரிவில் குற்றம்? கணவர் போய் 1,000 நாள் ஆனபோது லி வென்சு பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜினுக்கு 100 கிலோமீட்டர் நடந்தே கிளம்பினார். வழியில் தடுத்துக் கூட்டிவந்தாயிற்று. 2018 டிசம்பரில் நான்கு பெண்கள் பொது இடத்தில் மொட்டை அடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்கு மனு கொண்டு போனார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் பிரிவு ஒன்று நம்மிடம் இருக்கிறதுதான்: 293, சச்சரவு கிளப்புதல். ஆனால் படம் உலகம் சுற்றிவிட்ட பிறகு எதைப் போட்டு என்ன? வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி செய்யவைப்பது, பிள்ளையை மழலையர் பள்ளியில் சேர்க்கவிடாமல் பார்ப்பது என்று சில்லறை வழிகளே மிச்சம்.

அந்தச் சில்லறை வழிகள் விடுதலைக்குப் பிறகும் உதவும். 2020-இல் சிறை முடிந்த வாங் சுவான்ஜாங்கை, கொரோனா தனிமை என்று சொல்லி பெய்ஜிங் வீட்டுக்கு விடாமல் ஜினானில் இருத்தினார்கள். 2023-இல் அந்தக் குடும்பம் இரண்டு மாதத்தில் 13 முறை இடம் மாறியது. போகும் இடமெல்லாம் கரண்ட் போகும், வாசலில் ஆட்கள் நிற்பார்கள், வாடகைக்கு விட்டவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

இவ்வளவும் செய்தால் பதவி உயர்வு நிச்சயம். ஃபூ செங்ஹுவாவைப் பாருங்கள். 2015-இல் பொதுப் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர். 2018-இல் நீதி அமைச்சர். வக்கீல்களின் உரிமமெல்லாம் அவர் துறையின் கீழ். 2021 அக்டோபரில் அவர்மீதே விசாரணை. மறு ஆண்டு செப்டம்பரில் லஞ்ச வழக்கில் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் அது பிரிவு 75-இல் வராது. அரசு ஊழியர்களுக்கென்று 2018-இன் கண்காணிப்புச் சட்டத்தில் தனித் தடுப்புக்காவல் இருக்கிறது. அங்கே யாரும் வக்கீலை மறுக்க மாட்டார்கள். வக்கீல் என்ற இனமே அந்த நடைமுறையில் கிடையாது. கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.