சைடு ஸ்டாண்டுத் தொல்லியல்: ஆத்தூர் முதல் தேரி வரை ஓர் ஆய்வு

பாலைவன நகரம் பார்க்க வேண்டும் என்றால் புல்லட்டை ரயிலில் ஏற்றி ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு, தானும் அடுத்த ரயிலில் பின்னாலேயே போகிற வழக்கம் நம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. 1156-ல் ராவல் ஜைசல் நிறுவிய ஜெய்சால்மர் அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பாறைமேல் நிற்கும் ஊர். கோட்டைப் பக்கம் பைக்கை எங்கே நிறுத்தினாலும் நிற்கும். ஆய்வாளனுக்கு அங்கே வேலையில்லை. வண்டி சாய்கிற இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது என்பது என் கட்சி. ஆகவே களம் தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர்.

கருதுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தாமிரபரணி கடலில் சேரும் இந்தக் கடைசி நீட்டில் மண் மெத்தென்றிருக்கும்: ஒரு பக்கம் ஆற்று வண்டல், ஒரு பக்கம் உப்பளச் சேறு, தெற்கே தேரிச் செம்மணல். இப்படிப்பட்ட தரையில் கெட்டியாக எது கிடந்தாலும், பெரும்பாலும் அது மனிதன் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது. எனவே ஸ்டாண்டுக்கு அடியில் கொடுக்கக் கெட்டியான ஒரு பொருளைத் தேடிக் குனிகிற ஒவ்வொரு பைக்காரரும் தம்மை அறியாமல் மேற்பரப்பாய்வு நடத்துகிறார். அனுமதிக் கடிதம் மட்டும்தான் கையில் இல்லை.

கருவியைப் பற்றிச் சில சொற்கள். ஸ்பிளென்டர் 110 கிலோவை ஒட்டி வரும். கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. அந்தப் பாரத்தில் தன் பங்கைத் தரையில் இறக்குவதற்கு வண்டிக் கம்பெனிகள் கொடுத்திருக்கும் பாதம் இரண்டு விரல் அகலம். ஒட்டகத்தின் பாதம் மணலில் ஊன்றும்போது விரிந்துகொடுக்கும் என்பதைக் கவனித்த பொறியாளர் ஒருவர்கூட சைடு ஸ்டாண்டு வரையும் மேசைக்கு இதுவரை போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் பதிவு செய்யத் தக்கது. ஸ்டாண்டை மடக்காமல் போகிறவரைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்கள் "அண்ணே, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று சாலை நெடுகக் கத்துவது தமிழ்நாட்டின் கூலியில்லாப் பொதுச்சேவை. இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டாண்டு கீழே இருந்தால் இஞ்சினே ஓடுவதில்லை. ஒரு சென்சார் வந்து ஒரு அறத்தையே ஒழித்துவிட்டது.

ஆத்தூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடிக்கால் வரப்பில் வண்டியை நிறுத்தினால் ஸ்டாண்டு நிதானமாக, மரியாதையாக இறங்கும். தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும் மண். அந்த ஈரத்தில் வளரும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஈரத்தில் சாயும் பைக்குகளுக்கு எந்தக் குறியீடும் இல்லை.

பாலத்தைத் தாண்டி முக்காணிக்கு வந்து ஏரல் பக்கம் திரும்பினால் கொற்கை. தாலமியும் பெரிப்ளஸ் எழுதிய கிரேக்க மாலுமியும் கொல்கொய் என்று குறித்த முத்துத் துறை இதுதான். பாண்டியரின் முத்துக் குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று பெரிப்ளஸ் சொல்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வயல், வாழை, ஒரு குளம், வெகு பழைய ஒரு வன்னி மரம். துறைமுகம் இருக்கிறது, கடலைத்தான் காணோம். ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளித் தள்ளி, கடலைப் பல கிலோமீட்டர் கிழக்கே விரட்டிவிட்டது. 1870-களில் இங்கே தோண்டிப் பார்த்த கால்டுவெல் இந்தக் காரணத்தைத்தான் எழுதினார். அவருக்கு மண்வெட்டிக்காரர்கள் தேவைப்பட்டார்கள். சைடு ஸ்டாண்டு இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம்: மழைக்குப் பிறகு கொற்கையில் வண்டியை நிறுத்திவிட்டுக் குளக்கரை அம்மனைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் அது வண்டலின் தன்மையை விளக்கிவிட்டுப் படுத்திருக்கும்.

கடல் விலகியதும் வியாபாரமும் விலகிக் காயலுக்குப் போனது. இன்று அது பழையகாயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த நகரம் இது. ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு இங்கேதான் வந்தன. மாபார் என்று அரபிகள் அழைத்த இந்தக் கரைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று பாரசீகரான வஸ்ஸாஃப் கணக்கு எழுதியிருக்கிறார். வாகன இறக்குமதி வரலாற்றில் இது சாதாரண எண் அல்ல. அதைவிட முக்கியம், அந்தக் குதிரைகள் என்ன ஆயின என்பது. சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, பெரும்பாலானவை செத்துப்போயின என்கிறார் மார்க்கோ போலோ. லாடம் அடிக்கிறவர் எவரும் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். சர்வீஸ் சென்டர் திறக்காமல் வண்டி விற்கிற உத்தியை யாரோ அண்மையில் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

பழையகாயலில்தான் ஆய்வு சிக்கலாகிறது. அந்த ஊரைச் சுற்றி ஓட்டுச் சில்லும் சீனப் பீங்கான் துண்டும் சிதறிக் கிடந்ததைக் கால்டுவெல் குறித்திருக்கிறார். உப்பளத்தை ஒட்டிய வழுக்குச் சேற்றில் பைக்கை நிறுத்துகிறவர் என்ன செய்வார்? நாலு பக்கமும் பார்ப்பார், தட்டையாக, கெட்டியாக ஏதோ கண்ணில் படும், எடுத்து ஸ்டாண்டுக்குக் கீழே வைப்பார். அது நேற்று உடைந்த டீக்கடைத் தட்டாகவும் இருக்கலாம், சீனத்திலிருந்து கப்பலேறி வந்து பாண்டியன் வீட்டில் உடைந்த கிண்ணமாகவும் இருக்கலாம். ஸ்டாண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆய்வாளனுக்கு இல்லை.

இனி தேரி. அறுமுகநேரி தாண்டி காயாமொழிப் பக்கம் போனால் குதிரைமொழித் தேரி. முதல் பார்வையில் பாலைவனம் என்றே தோன்றும். சினிமாக்காரர்களும் அப்படித்தான் காட்டுகிறார்கள். புவியியல்காரர்கள் ஒப்பமாட்டார்கள். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்தால்தான் அவர்கள் கணக்கில் பாலை. இந்தக் கரையில் 600-ஐத் தாண்டுகிறது. பெய்கிற மழையை மணல் உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்கிறது. நடுத்தேரியில் அருஞ்சுனை காத்த அய்யனாருக்குக் காவல் காக்க ஒரு சுனை கிடைத்தது அப்படித்தான். மணல்துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. மேல்காற்று வீசும் மாதங்களில் மேடு இடம் மாறும், போன வாரம் பார்த்த தடம் இந்த வாரம் இருக்காது. பனையும் முந்திரியும் உடைமரமும்தான் மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன.

இங்கே ஸ்டாண்டு இறங்குவதில்லை, மறைகிறது. பனங்காட்டுக்குள் பைக்கை ஓரங்கட்டினால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "அண்ணாச்சி, அப்பிடி நிப்பாட்டாதிய, சாஞ்சிரும்! அந்தா கெடக்கு பாருங்க பனமட்ட, அத எடுத்து அடியில கொடுங்க." இது மட்டைக் கட்சி, தேரியின் பூர்வீகக் கட்சி. கருக்கு கையைக் கிழிக்கும் என்பது தவிர அதில் குறையில்லை. கவிழ்த்த சிரட்டையை நம்புகிறவர்கள் சிரட்டைக் கட்சி. ஸ்கூட்டருக்குச் சரி, புல்லட் ஏறினால் சிரட்டை நொறுங்கிவிடும். காலில் கிடப்பதைக் கழற்றி வைக்கும் செருப்புக் கட்சியினர் வெளியூர்க்காரர்கள். தண்ணீர் பாட்டிலை நசுக்கி வைக்கிறவர்களைக் கட்சியாகவே நான் ஏற்கவில்லை. இந்தச் சர்ச்சை எதிலும் கலந்துகொள்ளாதவர்கள் டிவிஎஸ் எக்ஸெல்காரர்கள். பின்னால் மீன்பெட்டியோ பதனீர்க் கேனோ கட்டி, நூறு கிலோகூட இல்லாத வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் இரண்டு கால் ஊன்ற நிறுத்திவிட்டு, நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஆய்வுலகில் பதில் கிடையாது.

தேரியின் கெட்டியான பொருள்கள் காயலைவிடப் பழையவை. மேட்டின் அடிப்பகுதிகளில் செர்ட், குவார்ட்சு கற்களைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துச் செய்த சிறு கருவிகள் கிடைக்கின்றன. ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலிருந்தே தொல்லியலாளர்கள் இவற்றைப் பொறுக்கிவந்தார்கள். சாயர்புரம் உள்ளிட்ட தேரி இடங்களைப் பற்றி ஜொய்னரும் ஆல்ச்சினும் 1956-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. கொற்கையில் முத்து விற்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, இந்த மணலில் உட்கார்ந்து ஒருவர் அம்புமுனை செதுக்கியிருக்கிறார். கல் இங்கே விளைவதில்லை, எங்கிருந்தோ சுமந்துவந்திருக்கிறார். நல்லவேளையாக அந்தச் சில்லுகள் விரல் நீளம்கூட இல்லாதவை; ஸ்டாண்டுக்கு உதவாது என்ற ஒரே காரணத்தால் பைக்காரர்களிடமிருந்து தப்பித்துக் கிடக்கின்றன.

ஆய்வு முடிந்தது; விண்ணப்பம் மட்டும் பாக்கி. ஆத்தூருக்கு வருகிறவர்கள் சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கொற்கையிலும் காயலிலும் கீழே கிடக்கும் ஓட்டாஞ்சில்லை ஸ்டாண்டுக்கு வைக்காதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி. சித்திரை, வைகாசியில் செருப்புக் கட்சியில் சேர வேண்டாம், மணல் சுடும். பங்குனி உத்திரத்தன்று தேரிப் பக்கம் ஆராய்ச்சிக்கென்று வராதீர்கள்: குலதெய்வம் கும்பிட ஊரெல்லாம் அய்யனார் கோயிலுக்குத் திரண்டிருக்கும், எந்த ஸ்டாண்டு போடவும் இடம் கிடைக்காது.