பத்தாயிரம் அடியார்

மாலை ஐந்தரைக்குப் பிறகு கல்லடிப் பாலத்துக்குப் போனால் அடியாரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. வெள்ளைச் சப்பாத்து, லண்டன் மருமகன் கொண்டுவந்த ரீசேர்ட், அதில் வேறு யாரோ ஓடிய மரதன் ஓட்டத்தின் பெயர், மணிக்கட்டில் கறுப்புக் கடிகாரம். ஓய்வுபெற்ற அதிபராக இருப்பார், இல்லையென்றால் கச்சேரியில் இருந்தவர், அதுவுமில்லையென்றால் வங்கிக்காரர். ஆள் மாறும், சப்பாத்து மாறாது. ஒருவரைத் தெரிந்தால் எல்லோரையும் தெரிந்த மாதிரி என்பதால் இங்கே ஒரே ஆளாகவே எழுதுகிறேன்.

வெறும் நடைக்காரர் என்று அவரை லேசாக நினைத்துவிடக் கூடாது. பெரிய சரித்திரம் உள்ளவர். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்புத் தென்னைகளை முறித்துப் போட்டபோது அவருக்குப் பதினாறு வயது. முற்றத்தில் விழுந்த தென்னங்குற்றியைத் தனியே தூக்கி வேலிக்கு அப்பால் போட்டாராம். அன்று ஐந்தடியாக இருந்த குற்றி இப்போது அவர் வாயில் பதினைந்து அடி. விழுந்த பிறகும் வளரும் தென்னை ஈழத்தில் அது ஒன்றுதான்.

பிறகு புரூஸ்லீ வந்தார். சுவரில் முருகனுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம். இரண்டு பால்மா டின்னில் சீமெந்து கரைத்து ஊற்றி, நடுவே தண்ணீர்க் குழாயைச் செருகியதில் பளுத்தூக்கி தயார். ஒரு டின்னில் சீமெந்து சற்றுக் கூடிவிட்டது. அதனால் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் உயரம். இது தையற்காரருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். விடியற்காலையில் பச்சை முட்டை வேறு. அடைவைக்க முட்டை இல்லையென்று அம்மா பாவம் கோழியைத்தான் ஏசினார்.

இத்தனை பாடும் டியூஷன் முடிந்து சைக்கிளில் போகும் ஒரு பிள்ளை ஒருதரம் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காக. ஒருநாள் அவள் பார்த்தாள். படலையடியில் இறங்கியும் நின்றாள். “அண்ணா, சில்லுல காத்து இல்ல. பம்ப் இருக்கா?” என்று கேட்டாள். அந்த ‘அண்ணா’வோடு டின் இரண்டும் கிணற்றடிக்குப் போயின. உடுப்புத் துவைக்கும் கல்லுக்கு முண்டாக இன்றும் அங்கேதான் கிடக்கின்றன.

தொண்ணூறுகளில் அவர் உடற்பயிற்சி செய்யவில்லை. ஊரில் யாருமே செய்யவில்லை. சைக்கிளில் சாமான் கட்டி, சோதனைச்சாவடியில் இறங்கி உருட்டி, ஏறி மிதித்து, மறுபடி இறங்கி உருட்டி, மண்முனைத் துறையில் பாதை எனும் மிதவைக்குக் காத்துநின்று, வாவி கடந்து படுவான்கரைக்குப் போய்வந்தவருக்குத் தொப்பை எங்கிருந்து வரும்? ஓட வேண்டி வந்தபோது ஓடினார். எத்தனை அடி என்று எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்துப் படமொன்றில் ஆள் ஒட்டி உலர்ந்து நிற்கிறார். “எப்படி இருந்தன் பாத்தீங்களா!” என்று அதை இப்போது பெருமையாகக் காட்டுவார். எப்படி இருந்தார் என்று நாங்கள் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

சண்டை முடிந்தது. வீதிகளுக்கு காபெட் போட்டார்கள், லீசிங்கில் மோட்டார்சைக்கிள் வந்தது. 2013-இல் ஜப்பான் உதவியில் கல்லடியில் புதுப்பாலம், அடுத்த வருடம் மண்முனையிலும் பாலம். காத்துநின்று, உருட்டிப் பழகிய கால்களுக்கு வேலை போயிற்று. காற்சட்டை அளவு கூடிக்கூடி வந்தது. மறுகா இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது.

“ஐயா, சீனி ஏறியிருக்கு. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடங்க” என்றார் டொக்டர். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. ஐந்து நாளுக்குப் பங்கிட்டால் அதே அரை மணித்தியாலம். அடியார் அதோடு அடங்கியிருப்பார். மருமகன்தான் விடவில்லை. கடிகாரத்தைக் கட்டிவிட்டு, “பத்தாயிரம் ஸ்டெப்ஸ் மாமா” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். இந்தப் பத்தாயிரம் ஆஸ்பத்திரியில் பிறந்த கணக்கல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-இல், ஜப்பானியக் கம்பனியொன்று இடுப்பில் செருகும் அடியெண்ணும் கருவியை விற்பதற்கு அதன் பெயரிலேயே சேர்த்த எண் அது. ஆக, ஜப்பான் உதவியில் எழுந்த பாலத்தில் ஜப்பான் கம்பனி சொன்ன எண்ணை எங்கள் மனிதர் நடந்து அடைக்கிறார். கடன் ஒருநாளும் முழுசாக அடைபட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் படுவான்கரையிலிருந்து தாய்மாமன் கிளினிக்குக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். எண்பது வயது, இன்னும் வயலுக்குப் போகிறவர். வடமோடிக் கூத்தில் கரப்புடுப்புக் கட்டி விடிய விடிய ஆடியவர். மாதக்கணக்கில் இரவிரவாக அண்ணாவியாரின் மத்தளத்துக்கு முன்னால் மிதித்துப் பழகி, சதங்கை கட்டி, அரங்கேற்றம் காணும் அந்த உழைப்புக்கு நகரத்து ஜிம்மில் கட்டணம் போட்டால் ஒரு வயலை ஈடுவைக்க வேண்டிவரும். சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த அடியாரைக் கிழவர் பார்த்தார்.

“எங்க மனே போறாய்?”

“பாலத்துக்கு மாமா.”

“பாலத்துக்கு அங்கால?”

“அங்கால போறல்ல. அதால கிறுகி வாறதுதான்.”

கிழவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். “மறுகா என்னத்துக்குப் போற?”

இதற்குக் கடிகாரத்திலும் பதில் இருக்கவில்லை.

கடிகாரத்தோடு அடியாருக்கு வழக்கு வேறு. மாமாங்கேசுவரர் தேரன்று வடம் பிடித்து வீதி முழுவதும் இழுத்துவிட்டு வந்து பார்த்தால் சொற்ப எண்ணிக்கை. கை வடத்தில் இருந்தால் அது காலை எப்படி அறியும்? கையசைவை வைத்து அடியைக் கணக்கிடும் சாமான் அது. ஆனால் பாலத்துக் கட்டில் குந்திக்கொண்டு மாகாண சபைத் தேர்தலைப் பற்றி இரண்டு கையையும் வீசி விவாதித்த அன்று நூற்றுக்கணக்கில் ஏற்றிக் கொடுத்தது. அன்றிலிருந்து அரசியல் நிலைமை மோசமாக மோசமாக அவரது உடல்நிலை திரையில் தேறிவருகிறது.

இடையில் வந்துபோன அவதாரங்களும் உண்டு. 2020 ஊரடங்கில் யூடியூப் பார்த்து யோகாசனம். மட்டக்களப்புக்கு வருகிறவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் காலங்காலமாகச் சொல்லும் கதை எங்கள் அடியாரிடம்தான் பலித்தது. சவாசனத்துக்கென்று சாய்ந்தவரைக் காலைச் சாப்பாட்டுக்கு மனைவிதான் தட்டி எழுப்புவார். 2022-இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு இறங்கியபோது, நான் முப்பது வருடத்துக்கு முன்பே சொன்னேன் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இப்போது பாலம் மட்டும்தான். புதுப்பாலத்தில் வாகன இரைச்சல் பேச்சைக் கெடுக்கிறது என்று, கவர்னர் மானிங்கின் மனைவி பெயரைச் சுமக்கும் பழைய இரும்புப் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். வந்துவிட்டார்கள் என்கிறேன், ஏனென்றால் இப்போது அவர்கள் நாலு பேர். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு வீட்டில் பேச ஆளில்லை. முழங்காலுக்காக எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள். கச்சான் சுருளுக்கு நிற்கிறார்கள். போகிற வழியில் சட்டித் தயிர் வாங்கிச் சீனி போடாமல் கித்துள் பாணி விட்டுச் சாப்பிடுகிறார்கள். பாணி இனிப்பில் சேராது என்பது நாலு பேரின் ஏகமனதான தீர்மானம்.

ஆனாலும் என் கணக்கில், அவருடைய இத்தனை வருட வித்தைகளில் நிலைத்தது இதுதான். முன்பெல்லாம் கண்ணாடிக்காக, பிறகு அறிக்கைக்காக, பிறகு மருமகனுக்காக. மூன்றும் சில மாதத்துக்குமேல் தாங்கவில்லை. இப்போது மழைக்குள்ளும் குடையோடு வருகிறார், வராவிட்டால் மறுநாள் “என்ன, படுத்தித்தீங்களோ?” என்று கேட்க மூன்று பேர் இருக்கிறார்கள். தயிரையும் மீறிச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பௌர்ணமி இரவில் இந்தப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கவென்று தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பதானால், இரவு எட்டரைக்குப் பிறகு வாருங்கள். இந்த நாலு பேரும் வீட்டுக்குப் போகும்வரை மீனுக்கு முறை வராது.