பேராண்டி விலைபோட வந்த குளம்

வாலே, இப்படித் திண்ணையில உக்காரு. பட்டணத்துல சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிச்சிட்டு, நம்ம ஊர்க் குளத்துக்கு விலைபோட வந்திருக்கே. காத்துக்கும் தண்ணிக்கும் விலைபோடுத வேலைன்னு ஆச்சிகிட்ட சொன்னியாமே. அதுல இருந்து அவ மூச்சைச் சிக்கனமாத்தான் விடுதா.

1997-ல காஸ்டன்சாங்குத ஒங்க படிப்பு ஆளும் கூட்டாளிகளும் பூமி முழுக்கக் கணக்குப் போட்டாங்கன்னு நேத்து சொன்னே. காடு, கடல், சதுப்பு எல்லாம் வருசத்துக்கு நமக்குச் செய்யுத ஊழியம் 33 லட்சம் கோடி டாலர். சரி. அவங்க கணக்குப்படி உலகத்துச் சனம் மொத்தமும் அப்போ வருசத்துல சம்பாதிச்சது? 18 லட்சம் கோடி. ஏலே, 18 ரூவா சம்பளக்காரன்கிட்ட 33 ரூவா வாடகை கேட்டா எங்கிட்டுப் போவான்? காலி பண்ணவும் வேற வீடு கிடையாது.

எனக்கு அந்த அலாஸ்கா கதைதான் ருசி. 1989-ல எக்ஸான் கப்பல் பாறையில முட்டி, கடலெல்லாம் எண்ணெய். ஒங்க ஆளுக, அந்தக் கரையை எட்டிக்கூடப் பாக்காத சனத்துட்டப் போயி, "இனிமே இப்படி நடக்காம இருக்கப் பணம் தருவியா"ன்னு கேட்டாங்க. வீட்டுக்கு நடுவாந்தரமா 31 டாலர். அமெரிக்காவுல உள்ள வீட்டோட பெருக்குனா 280 கோடி. போகாத கல்யாணத்துக்கு மொய்! இந்தக் கணக்கு செல்லுமான்னு சண்டை வரவும், ஆரோ, சோலோன்னு ரெண்டு நோபல் பெரியவங்களை நடுவுல உக்கார வச்சு அரசாங்கம் பஞ்சாயத்துக் கூட்டுச்சு. 1993-ல தீர்ப்பு: ஓட்டுப் போடுத மாதிரி, "இத்தனை டாலர் தருவியா, மாட்டியா"ன்னு கேக்கலாம். "இழந்தா எவ்வளவு வாங்கிக்கிடுவே"ன்னு கேக்கப்படாது, தொகை எகிறிப்போவும்.

சூட்சுமம் அங்கதாம்லே இருக்கு. "தருவியா"ன்னா மடியில உள்ளதுதான் விலை. நம்ம ஊர்ல ஆடு மேய்க்குத கிழவன் மடியில வெத்தலைக் காம்பு. அவன் ஆடு குடிக்குத குளத்துக்கும் அம்புட்டுத்தான் விலை. மண் லாரிக்காரன் மடியில கட்டுக்கட்டா இருக்கு. ஒன் நோட்டுல குளத்து மேல யாருக்குப் பிரியம் சாஸ்தின்னு எழுதுவே?

ஒண்ணு செய்யி. கேள்வியத் திருப்பிப் போட்டு ஆச்சிகிட்டயே ஆரம்பி: "கொல்லைப் புளியமரத்தை வெட்டிக்கிட எவ்வளவு தந்தா சம்மதிப்பே?" கேக்கும்போது செருப்பைக் கழட்டாதே. விளக்குமாறு அவ கைக்கு எட்டுத தூரத்துலதான் சாத்தி வச்சிருக்கு. அப்படி வாரத 'எதிர்ப்புப் பதில்'னு பேரு வச்சுக் கணக்குல இருந்து ஒதுக்கிருவீங்களாமே? ஒதுக்கு, ஒதுக்கு. முதுகுக்கு நல்லெண்ணெய் நான் காய்ச்சி வைக்கேன்.