கை மட்டும் தெரியும்!

கேள்வி: ஐம்பதைத் தாண்டியவர்கள் எங்கே கூடினாலும் 'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸ் பேச்சு வந்துவிடுகிறதே, அப்படி என்னதான் இருக்கிறது அதில்? – ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கை இருக்கிறது! மின்சாரம் பாய்ந்து ஆள் மறைந்த பிறகும், அந்த ஒற்றை இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வந்து வில்லனின் கழுத்தைப் பிடிக்குமே, பத்து வயதில் அதைப் பார்த்தவர் எப்படி மறப்பார்? ஸ்விட்ச் போர்டை ஏக்கத்தோடு பார்த்த பையன்கள் அன்று ஊருக்கு ஊர் உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே இதுதான்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில், 1962இல், 'வேலியன்ட்' வார இதழில். படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ. வெறும் கறுப்பு மையில் இருட்டுச் சந்துகளையும் பயந்த முகங்களையும் அவர் போல வரைந்தவர்கள் குறைவு. வாரத்துக்கு ஓரிரு பக்கம் வந்த தொடர் அது. அடுத்த வாரமும் வாசகன் காசு கொடுத்து வாங்க வேண்டுமே! அதனால் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் நாயகன் ஆபத்தில் மாட்டியாக வேண்டும். அத்தனை ஆபத்தையும் முத்து காமிக்ஸில் ஒரே புத்தகமாகத் தைத்து நம் கையில் கொடுத்தார்கள். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவின் குரல் காதில் விழாததில் ஆச்சரியமென்ன?

பரணில் பழைய பிரதி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அம்மா. வீட்டில் இருக்கும் பத்து வயதுக்காரரிடம் கொடுங்கள்.