நாற்பதில் குட்டிக்கரணம்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் ஒரு தடவைகூட விழாமல் வாழ்ந்து முடித்தவர் யாரும் இருக்க வாய்ப்பில்லை. ரிங்லெட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிற சாலை, மலையைப் படிப்படியாக வெட்டிப் போட்ட காய்கறித் தோட்டங்கள், எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் களிமண், ஹாபு பக்கம் ஏறினால் தேயிலைச் சரிவு, இவை போதாதென்று ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டரைத் தாண்டுகிற மழை. இந்த வட்டாரத்தில் விழுவதையும் போக்குவரத்தில் ஒரு வகையாகவே கணக்கில் எடுக்கவேண்டும். ஆகவே நாற்பது வயதில் ஒருவர் குட்டிக்கரணம் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தால் கோலாலம்பூரில் சிரிக்கலாம், ஈப்போவில் சிரிக்கலாம். இங்கே சிரிப்பது நியாயமில்லை. எப்படியும் உருளப் போகிற மனிதர் முறையாக உருளக் கற்றுக்கொள்வதில் என்ன தப்பு? ஆனாலும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் என் வழக்கு. வயது வந்தவரைக் குட்டிக்கரணத்திலிருந்து தடுப்பது எலும்பும் இல்லை, இடுப்பும் இல்லை, கௌரவம். மற்ற காரணங்களெல்லாம் அதற்குக் குடை பிடிக்க வந்தவை.

பல்டிக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு நம் நாட்டு அரசியலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஐம்பது அறுபது வயதில், கனத்த உடம்போடு, நேற்று வரை ஒரு கட்சியில் இருந்தவர்கள் இன்று காலை இன்னொரு கட்சியில் இரு காலும் ஊன்றி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். தள்ளாட்டம்கூட இருக்காது. மலாய்க்காரர்கள் அவர்களுக்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் அரசியலமைப்பையே திருத்தி, கட்சித் தாவல் தடைச் சட்டத்தை 2022 அக்டோபர் 5-ஆம் தேதி நடப்புக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு ஒரு வித்தை பெரியவர்களுக்குச் சரளமாக வருகிறது என்றால், பாயில் ஒருமுறை உருளுவது முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதற்குள் உங்கள் மனதில் ஐந்தையும் ஐம்பதையும் பற்றிய அந்தப் பழமொழி ஓடி முடிந்திருக்கும். அதை நான் எழுதப் போவதில்லை; நம் பள்ளிக்கூடக் கரும்பலகைகளில் போதிய அளவுக்கு எழுதியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதுகைப் பின்பக்கம் வில்லாக வளைக்கிற வித்தைகளுக்கு இளம் உடம்பு உதவும், மறுக்கவில்லை. முன்பக்கக் குட்டிக்கரணத்துக்கு வேண்டியது சுருண்டுகொள்வது மட்டுமே. அதற்கு ஒவ்வொரு மனிதரும் தினமும் இரவில் போர்வைக்குள் பயிற்சி எடுக்கிறார். கேமரன் மலைக் குளிரில் சமவெளிக்காரர்களைவிட நன்றாகவே எடுக்கிறார்.

எதிர்ப்பில் உண்மை இருக்கும் இடத்தை மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர், பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை வாங்கி 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானவர், 1926-இல் உயிர்களின் உருவ அளவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆழமான சுரங்கத்தில் விழுந்த சுண்டெலி எழுந்து நடந்துவிடும், மனிதன் நொறுங்கிப்போவான் என்பது அதிலுள்ள கணக்கு. ஒரே வார்ப்பில் உயரம் இரண்டு மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும், எடையோ எட்டு மடங்கு. சின்னப் பிள்ளை புல்லில் உருண்டு எழுந்து ஓடுவதற்கும் அதன் தகப்பனார் உருண்ட இடத்திலேயே கிடந்து வானத்தை ஆராய்வதற்கும் காரணம் இதுதான். அந்தரத்தில் சுற்றுகிற பல்டிக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. உடம்பின் ஈர்ப்பு மையம் 50 சென்டிமீட்டர் எழும்பினால் ஆகாயத்தில் கிடைப்பது சுமார் 0.64 விநாடி, 30 சென்டிமீட்டர்தான் எழும்ப முடிந்தது என்றால் அரை விநாடிகூட முழுதாக இல்லை. அதற்குள் ஒரு முழுச் சுற்றை முடிக்கவேண்டும். உடம்பைச் சுருட்டிக்கொண்டால் சுழலும் வேகம் இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பதால்தான் வித்தைக்காரர்கள் முழங்காலை நெஞ்சோடு அணைக்கிறார்கள். புதிதாக முயல்கிறவர் செய்வது நேர் எதிர்: எழும்புவதற்கு முன்பே தலையைப் பின்னால் எறிந்துவிடுவார், உயரம் போச்சு. மலையில் புவியீர்ப்பு குறைவு, அது கைகொடுக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏறி வந்ததில் அறுபது கிலோ ஆளுக்குக் குறைவது பத்து இருபது கிராம். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக்கில் ஒட்டியிருந்த நெத்திலியே அந்தத் தள்ளுபடியைத் தின்றுவிடும்.

ஆகவே பறக்கிற பல்டியை இளைஞர்களிடம் விட்டுவிடலாம். அதற்கு இதே பகாங்கில் கெந்திங் மலையிலேயே மேடை உண்டு. 1994 முதல் அங்கே நடக்கும் உலகச் சிங்க நடனப் போட்டியில், உயர்ந்த கம்பங்களின் உச்சியில் இரண்டு பேர் ஒரே தோலுக்குள் இருந்துகொண்டு தாவுவதைப் பார்த்தால் நமக்கே கால் கூசும். நாற்பது வயதுக்கு உரியது தரையோடு தரையாக உருளுகிற கரணம். ஹால்டேனின் கணக்கு உயரத்தை நம்பிப் பிழைக்கிறது. குந்தியிருக்கிறவரிடம் அதன் பருப்பு வேகாது.

அந்தக் கரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மெத்தையில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தோள் அகலத்துக்கு ஊன்றவேண்டும். மோவாயை மார்போடு ஒட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையைச் செருகிக்கொண்டால், உருண்டு முடியும்வரை அது விழக் கூடாது. இடுப்பை உயர்த்தி, கால்விரலால் மெல்லத் தள்ளினால் முதலில் தரையைத் தொடுவது தோள்பட்டைகளுக்கு நடுவிலுள்ள முதுகு. உச்சந்தலைக்கு இதில் வேலையே இல்லை. உடம்பின் பாரம் அதன்மேல் இறங்கினால் கழுத்துக்குக் கேடு. பிறகு முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகத் தரையில் படிந்து எழ, குதிகால் தொடையோடு ஒட்ட, ஆள் மறுபடியும் குந்தியிருப்பார். ஜூடோக்காரர்களின் முறை இன்னும் பாந்தமானது: ஒரு தோளில் தொடங்கி முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பில் முடிவதால் கழுத்து தப்பித்துக்கொள்கிறது. கேட்க எளிது. பெரியவர்கள் எங்கே கெடுக்கிறார்கள்? முக்கால்வாசிப் பேர் நடு உருளலில் தலையைத் தூக்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார்கள். தலை நிமிர்ந்ததும் முதுகு விரிந்துவிடும், விரிந்த முதுகு 'பொத்'தென்று தரையில் அறையும், அந்தச் சத்தத்துக்குத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிடுவார்களோ என்ற பயமே பார்க்க வைத்துவிடுகிறது. என் வழக்குக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது: கரணம் கெடுகிற இடத்தில் எலும்பு சரியாகத்தான் இருக்கிறது, கௌரவம்தான் எட்டிப் பார்க்கிறது.

எழுந்ததும் தலை சுற்றும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், ஆள் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒரு கரணத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

'எழுபது வயதுப் பாட்டி கம்பியில் தொங்குகிறாள், உன்னால் முடியாதா?' என்று காணொளி அனுப்பி உற்சாகப்படுத்துகிறவர்களும் உண்டு. அந்தச் சாட்சியை நான் கூப்பிடப் போவதில்லை. உஸ்பெகிஸ்தானின் ஜிம்னாஸ்ட் ஒக்சானா சுசோவித்தினா 1975-இல் பிறந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 41 வயதில், பயங்கரத்துக்குப் பெயர்போன புரோதுனோவா தாண்டலை முயன்றார், டோக்கியோவுக்கு 46 வயதில் போனார். அகர்தலாவின் தீபா கர்மாகர் அதே ரியோவில் அதே தாண்டலோடு 15.066 புள்ளிகள் எடுத்து நான்காவதாக வந்தார். ஜெர்மனியின் யோகன்னா குவாஸ் 86 வயதில் உலகின் மிக மூத்த ஜிம்னாஸ்ட் என்று 2012-இல் கின்னஸில் ஏறினார். மூவருமே சின்ன வயதில் தொடங்கியவர்கள். ஏறியவர் இறங்காமல் இருக்கலாம் என்பதற்கு அவர்கள் சாட்சி. நாற்பதில் ஏறத் தொடங்குகிறவருக்கு வேறு சாட்சி வேண்டும். அது சர்க்கஸின் இன்னொரு மூலையில் கிடைக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2004-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகிய இளைஞர்களின் மூளையில், அசைவைப் பார்த்துணரும் பகுதி பெருத்திருந்தது. 2008-இல் அறுபதை ஒட்டிய வயதினரிடம் அதே சோதனை. அவர்களில் கொஞ்சம் பேர்தான் இளைஞர்கள் அளவுக்குத் தேறினார்கள், ஆனால் மூளை அவர்களுக்கும் மாறியது. கிழ மூளை பாடம் ஏற்காது என்ற வாதம் அதோடு படுத்துவிட்டது. நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், முதியவர்களுக்கு மெத்தை விரித்து விழுவதற்கே வகுப்பு எடுக்கிறார்கள். அதில் ஜூடோ உருளலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், எதிர்பாராத காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. அப்படியிருக்க, விழப் பழகுவதைப் பொழுதுபோகாதவர் வேலை என்று சொல்வது எப்படி? ஐம்பது வருஷத்து லேண்ட் ரோவர் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு மேடேறும் என்று நம்பி அதன் பின்னால் தொற்றிக்கொள்கிற ஊர் இது. நாற்பது வருஷத்து மனிதர் மெத்தையில் ஒருமுறை உருள்வார் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறது.

அப்படியானால் கௌரவத்துக்கு இதில் என்ன பிரச்சினை? இங்கேதான் விஷயம் கொஞ்சம் ஆழம். கரணம் போடுவது தமிழர்களுக்குப் புதிதில்லை. அதைப் பார்ப்பது அதைவிடப் பழையது. கயிற்றின்மேல் ஆடுகிற கூத்தாடிகளும் அவர்களின் பறையும் குறுந்தொகையிலேயே வருகிறார்கள். அதற்குப் பிறகு கழைக்கூத்தாடி தெருத்தெருவாக வந்தார். நாம் வட்டமாக நின்றோம். அவர் பிள்ளை தட்டை நீட்டியது. நாம் சில்லறை போட்டோம், அல்லது தட்டு வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனோம். தலைசேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கியபோதும் ஏற்பாடு மாறவில்லை: வளைகிறவர் கூடாரத்துக்குள், டிக்கெட் வாங்குகிறவர் நாற்காலியில். சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல்தான் தடை போட்டது. இத்தனை காலமாகக் கரணம் என்றால் வறுமையும் சின்ன வயதும் சேர்ந்து செய்கிற வேலை என்று நம் கண் பழகியிருக்கிறது. வயிறு நிறைந்த பெரிய மனிதர் அதைச் செய்தால், தட்டு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

தோட்டத்துப் பரம்பரைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. செடியின் உயரத்துக்குக் குனிந்து கிள்ளியவர்கள் ஒரு பக்கம். நிமிர்ந்து நின்று நிறுத்து எழுதிய கிராணி, நிமிர்ந்து நடந்த துரை மறுபக்கம். லயத்து வீட்டில் பிள்ளையைப் படிக்க வைத்ததே அது குனியாமல் பிழைக்கட்டும் என்றுதான். கிள்ளிய கைக்குக் கத்திரி வந்தது, பிறகு சரிவு இடம் கொடுத்த வரிசைகளில் இரண்டு பேர் பிடிக்கிற இயந்திரம் வந்தது, இப்போது குனிகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். இத்தனை பாடுபட்டு நிமிர்த்திய முதுகை ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா சுருட்டச் சொன்னால் குடும்பத்துக்கே பொறுக்காதுதான். ஆனால் சம்பளத்துக்குக் குனிந்ததையும் இஷ்டத்துக்கு உருள்வதையும் ஒரே பற்றில் எழுதக் கூடாது. துரைமார் வீட்டுப் பிள்ளைகள் காசு கட்டி இதைக் கற்றார்கள். அவர்கள் முதுகு ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

கடைசியாக இடப் பிரச்சினை. ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்று மற்ற ஊர்களில் கிண்டல் செய்யலாம். லெம்பா பெர்த்தாமில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். சரிவில் தொடங்கிய கரணம் எங்கே முடியும் என்பது சரிவின் விருப்பம். தட்டையான நிலம் என்றால் ஆற்றோரம். ஆனால் அணைத் தண்ணீர் 2013 அக்டோபர் 23 அதிகாலையில் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோன கரை அது, அங்கே விளையாட்டுப் பேச்சுக்கு வாய் வராது. மீதி இருப்பது பூப்பந்து ஆடுகிற மண்டபம். ஆட்டம் முடிந்து விளக்கு அணைப்பதற்கு முன் கிடைக்கும் அரைமணி நேரமும் இரண்டு பழைய மெத்தைகளும் போதும். கழுத்துவலி, எலும்புத் தேய்மானம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். மற்றவர்களும் அவசரப்படக் கூடாது. தசை ஏறுகிற வேகத்தில் தசைநார் ஏறாது, மணிக்கட்டுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். பல்டி தெரிந்த இளைஞரைவிட விழத் தெரிந்த ஜூடோக்காரர் கிடைத்தால் நல்லது. கைலி கூடாது, காரணம் முதல் கரணத்திலேயே மண்டபம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றலாம், காலுறையையும் கழற்றலாம். சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி, சாவிக்கொத்து, ஐம்பது சென் காசுகள் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிடவேண்டும். தரையில் காசு சிதறிக் கிடந்தால், வந்து பார்க்கிறவர்கள் தாங்களும் ஏதாவது போடவேண்டுமோ என்று நினைத்துக்கொள்வார்கள்.